செங்கல் யார் கையில் நிற்கிறது? புதிதாகப் பூட்டிய கணினி ஓடாதபோது

பாகம் பாகமாக வாங்கி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து பூட்டிய கணினியின் பொத்தானை முதன்முறை அழுத்துகிறீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. அல்லது ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. உடனே விவரம் தெரிந்த யாரையாவது கூப்பிட்டு, "ஆன் ஆகவில்லை" என்கிறீர்கள். அவரும் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்காமல் "எஸ்எம்பிஎஸ் போயிருக்கும்" என்கிறார். இன்னொருவர் "மதர்போர்டு டெட்" என்கிறார். மூன்றாமவர், ரேமைக் கழற்றி ரப்பரால் துடைத்துப் போடச் சொல்கிறார். நேற்றுத்தான் உறையைப் பிரித்த ரேமில் துடைக்க என்ன அழுக்கு இருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை.

"ஆன் ஆகவில்லை" என்பது "உடம்பு சரியில்லை" மாதிரி. காய்ச்சலா, வயிற்றுவலியா, சுளுக்கா என்று சொல்லாமல் மருந்து கேட்டால் கிடைக்கிற மருந்தும் அப்படித்தான் இருக்கும். அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கு வேறுவேறு நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன. உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. என் அனுபவத்தில், புதிதாகப் பூட்டிய கணினியில் பாகம் செத்திருப்பது அபூர்வம். ஏதோ ஒன்று சரியாக உட்காராமல் இருப்பதுதான் வழக்கம்.

சிபியு என்பது பெட்டி இல்லை

மேசைக்கு அடியில் நிற்கும் பெட்டியைச் சிபியு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சாதாரணப் பேச்சில் அதனால் நஷ்டமில்லை. பழுது பார்க்கும்போது மட்டும் அது காலை வாரிவிடும். "சிபியுவுக்குப் பவர் போகிறதா?" என்று கேட்பவர் மனதில் ஒன்று இருக்கும், "போகிறதே" என்று பதில் சொல்பவர் மனதில் வேறொன்று இருக்கும்.

பெட்டியின் பெயர் கேபினெட். சிபியு என்பது, சூட்டைத் தணிக்கும் கூலருக்கு அடியில் மறைந்திருக்கும், ஏறக்குறையத் தீப்பெட்டி அளவுள்ள சில்லு. குழப்பம் வேண்டாம் என்பதற்காக இங்கே அதைப் பிராசஸர் என்றே சொல்கிறேன். எல்லாப் பாகங்களும் வந்து பொருந்தும் பெரிய பலகை மதர்போர்டு. பிராசஸர் வேலை செய்யும்போது தகவல்களைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நீளமான பட்டை ரேம். திரைக்கான படத்தை உருவாக்கும் தனி அட்டை கிராஃபிக்ஸ் கார்டு. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தருவது எஸ்எம்பிஎஸ். இந்த எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களில் ஆளைத் தாக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

செங்கல் வரிசை

கட்டட வேலையில் மேல்மாடிக்குச் செங்கல் ஏற்றும்போது ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றி விடுவார்கள். மாடிக்குச் செங்கல் வரவில்லை என்றால், மாடியில் நிற்பவரைத் திட்டிப் பயனில்லை. கீழிருந்து பார்த்துக்கொண்டே போனால், நடுவில் யாரோ ஒருவர் கையில் அது நின்றிருக்கும். அவருக்குக் கீழே உள்ளவர்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டார்கள். மேலே உள்ளவர்களுக்கு இன்னும் வேலையே தொடங்கவில்லை.

கணினி விழிப்பதும் இப்படித்தான். பொத்தானை அழுத்தியதும் எஸ்எம்பிஎஸ் மின்சாரம் தரத் தொடங்குகிறது. அது நிலையானதும் பிராசஸர் எழுகிறது. எழுந்த பிராசஸர், மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் ஒரு சிறு நிரலை ஓட்டிப் பாகங்களைச் சோதிக்கிறது. சோதனை தேறினால் திரையில் படம் வருகிறது. கடைசியாக, விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் எந்த டிஸ்கில் இருக்கிறது என்று தேடிப் பிடித்து, அதன் கையில் பொறுப்பை ஒப்படைக்கிறது.

கவனித்தீர்களா, திரை ஏறக்குறையக் கடைசி ஆள். ஆனால் நம் கண் முதலில் போவது அங்கேதான். திரை கறுப்பாக இருந்தால் மானிட்டரையோ கிராஃபிக்ஸ் கார்டையோ சந்தேகப்படுகிறோம். அவர்கள் பாவம், செங்கல் எப்போது வரும் என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

முதல் கை: அசைவே இல்லாதபோது

ஃபேன் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை, எந்த விளக்கும் எரியவில்லை. இதுதான் பார்க்கப் பயங்கரமானது, பெரும்பாலும் சரிசெய்ய எளிதானதும் இதுதான்.

பொத்தான் வீட்டு ஸ்விட்ச் மாதிரி மின்சாரத்தை நேரடியாக வெட்டி ஒட்டுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஏடிஎக்ஸ் எனப்படும் அமைப்புமுறையை இன்டெல் 1995-இல் கொண்டுவந்த பிறகு அது மாறிவிட்டது. பின்பக்க ஸ்விட்சைப் போட்டுவைத்திருக்கும் வரை, கணினி "ஆஃப்" ஆக இருக்கும்போதும் எஸ்எம்பிஎஸ் ஒரு மெல்லிய 5 வோல்ட் மின்சாரத்தை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இதற்கு ஸ்டாண்ட்பை மின்சாரம் என்று பெயர். தூங்குகிறவர் ஒரு காதை மட்டும் திறந்து வைத்திருப்பதைப் போல. கேபினெட்டின் முன்பொத்தானை அழுத்தும்போது இரண்டு சிறு ஊசிகள் ஒரு கணம் தொட்டுக்கொள்கின்றன. மதர்போர்டு அதைக் கேட்டுவிட்டு, "எழுந்திரு" என்று எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சொல்கிறது. நாம் அழுத்துவது உண்மையில் ஸ்விட்ச் இல்லை, அழைப்பு மணி.

ஆகவே இங்கே கேட்க வேண்டிய கேள்விகள் குறைவு. எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் உள்ள சிறு ஸ்விட்ச் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்கிறதா, வட்டம் போட்ட பக்கமா? கோடு என்றால் ஆன், வட்டம் என்றால் ஆஃப். சிரிக்காதீர்கள், இது எல்லாருக்கும் நடக்கும். அடுத்து, மதர்போர்டின் ஓரத்தில் குத்தும் 24 ஊசி கொண்ட அகலமான இணைப்பு. புதுப் பலகையில் இது மிகவும் இறுக்கமாக இருக்கும். பலகை வளைகிறதே என்ற பயத்தில் முக்கால்வாசி அழுத்திவிட்டு விட்டுவிடுவோம். கொக்கி "டக்" என்று மாட்ட வேண்டும்.

இரண்டும் சரி என்றால், அழைப்பு மணியின் கம்பிதான் அடுத்த சந்தேகம். கேபினெட்டிலிருந்து வரும் பொடிப்பொடி வயர்களை மதர்போர்டின் கீழ் ஓரத்தில் செருகும் இடம் அது. ஒரு ஊசி தள்ளிச் செருகினாலும் மணி அடிக்காது. சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: அந்த வயரைக் கழற்றிவிட்டு, மதர்போர்டின் கையேட்டில் பவர் ஸ்விட்சுக்கு என்று காட்டியிருக்கும் இரண்டு ஊசிகளை மட்டும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். அங்கே இருப்பது மிகக் குறைந்த வோல்ட்தான், ஷாக் அடிக்காது. கணினி எழுந்துவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் நிரபராதிகள். பிழை வயரில் அல்லது பொத்தானில்.

ஃபேன் சுற்றினால் கணினி ஓடுகிறது என்று அர்த்தமா?

இல்லை. இந்த விஷயத்தில் இருக்கும் மிகப் பெரிய தவறான நம்பிக்கை இதுதான்.

ஃபேனுக்குத் தேவை 12 வோல்ட், அவ்வளவே. அதற்குப் பிராசஸர் விழித்திருக்க வேண்டும் என்பதில்லை. பலகையில் பிராசஸர் ஒரு வரியைக்கூடப் படிக்காத நிலையிலும் ஃபேன்கள் ஜோராகச் சுற்றும், வண்ண விளக்குகள் கண்ணைச் சிமிட்டும். வண்டியில் சாவியைத் திருகினால் முகப்பு விளக்கு எரிகிறது. அதனால் எஞ்சின் ஓடுகிறது என்று சொல்வோமா?

பிராசஸருக்கு மின்சாரம் தனி வழியில் போகிறது. மதர்போர்டின் மேல் மூலையில், பிராசஸருக்கு அருகே, 8 ஊசி கொண்ட ஓர் இணைப்பு இருக்கும். சில பலகைகளில் 4 ஊசி, சிலவற்றில் இரண்டு 8 ஊசிகள். அதைச் செருக மறந்தால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பு. நானே ஒருமுறை இரண்டு மணி நேரம் ரேமை மாற்றி மாற்றிப் போட்டு, கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி, பெரிய பாகமாக எதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று யோசிக்கும் அளவுக்குப் போய்விட்டேன். அந்த 8 ஊசி வயர் பலகைக்குப் பின்னால், நான் அழகாகக் கட்டிவைத்த வயர்க்கட்டோடு சேர்ந்து நிம்மதியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கிராஃபிக்ஸ் கார்டுக்கான 8 ஊசி இணைப்பும் பார்க்க இதே போலத்தான் இருக்கும். ஆனால் இரண்டிலும் மின்சாரம் வரும் ஊசிகள் இடம் மாறியிருக்கும், அதனால் முனையின் பிளாஸ்டிக் வடிவத்தையும் வேறாக வைத்திருக்கிறார்கள். போகவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். அதேபோல், கழற்றி மாட்டும் வயர்கள் கொண்ட எஸ்எம்பிஎஸ்ஸில் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் வயரைப் போட்டுவிடக் கூடாது. முனை பொருந்தும், உள்வரிசை பொருந்தாது. நல்ல பாகங்களை உண்மையாகவே சாகடிப்பது இந்த ஒரு காரியம்தான்.

இன்னொரு வகை உண்டு: பொத்தானை அழுத்தியதும் ஃபேன் ஒரு கணம் துள்ளி, உடனே நின்றுவிடும். எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே காத்துக்கொள்ள மூடிக்கொள்கிறது என்று இதற்கு அர்த்தம் இருக்கலாம். எங்கோ ஷார்ட் ஆகிறது. கேபினெட்டில் மதர்போர்டைத் தாங்கும் பித்தளைத் திருகுக்கால்களைப் பாருங்கள். பலகையில் துளை இல்லாத இடத்தில் ஒரு கால் முளைத்து நின்றால் அது பலகையின் அடிப்பக்கத்தைத் தொட்டு ஷார்ட் செய்யும். கீழே விழுந்து தேடிக் கிடைக்காமல் போன திருகும் இந்த வேலையைச் செய்யும். இப்படி மூடிக்கொண்ட எஸ்எம்பிஎஸ்ஸைப் பின் ஸ்விட்சை அணைத்துச் சில நொடிகள் விட்ட பிறகே மறுபடி முயல வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: அசைவே இல்லை என்றால் மின்சாரம் அல்லது அழைப்பு மணி. துள்ளி நின்றால் முதலில் ஷார்ட்டைத் தேடுங்கள். ஃபேன் தொடர்ந்து சுற்றிப் படம் இல்லை என்றால், 8 ஊசி இணைப்பைப் பார்த்துவிட்டு அடுத்த கைக்குப் போகலாம்.

இரண்டாவது கை: தன்னைத்தானே சோதிப்பது

பிராசஸர் உடனே எழுந்துவிடுவதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வோல்ட்டுகள் நிலைபெற்ற பிறகு அது "பவர் குட்" என்றொரு சமிக்ஞை அனுப்பும். இதற்கு அரை நொடிக்கும் குறைவான நேரமே ஆகும். அது வந்த பிறகுதான் மதர்போர்டு பிராசஸரைப் பிடித்து வைத்திருந்த கையை விடும். விட்டதும் பிராசஸர் படிக்கும் முதல் கட்டளை பயாஸிலிருந்து வருகிறது. பயாஸ் என்பது மதர்போர்டின் ஒரு சில்லில் பதிந்திருக்கும் தொடக்க நிரல். இன்றைய பலகைகளில் இருப்பதன் சரியான பெயர் யுஇஎஃப்ஐ, ஆனால் வாயில் பழகிய பெயரை யார் விடுவார்கள்?

பயாஸ் செய்யும் முதல் பெரிய வேலைக்குப் போஸ்ட் என்று பெயர்: பிராசஸர், ரேம், கிராஃபிக்ஸ் எல்லாம் இருக்கின்றனவா, பதில் சொல்கின்றனவா என்று வருகைப் பதிவு எடுப்பது. "டிஸ்ப்ளே வரவில்லை" என்ற புகார்களில் கணிசமானவை உண்மையில் போஸ்ட் முடியாத கதைகள்தான்.

எங்கே நின்றது என்று கண்டுபிடிக்கப் பலகையே உதவும். இன்றைய பல மதர்போர்டுகளில் ஓரமாக நான்கு சிறு எல்இடி விளக்குகள் இருக்கின்றன. சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பக்கத்தில் எழுதியிருக்கும். டிராம் என்றால் ரேம், விஜிஏ என்றால் கிராஃபிக்ஸ், பூட் என்றால் இயங்குதளத்தைத் தேடும் கட்டம். வருகைப் பதிவு யாரிடம் நிற்கிறதோ அவருடைய விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். செங்கல் யார் கையில் என்று பலகையே விரல் நீட்டிக் காட்டுகிறது, நாம்தான் பார்ப்பதில்லை. விலை கூடிய சில பலகைகளில் விளக்குக்குப் பதில் இரண்டு இலக்கக் குறியீடு தெரியும். அதன் பொருள் கையேட்டில் இருக்கும். முன்பெல்லாம் ஒரு சின்ன ஸ்பீக்கர் "பீப்" அடித்துச் சொல்லும். ஒரே ஒரு குட்டை பீப் என்றால் பெரும்பாலான பலகைகளில் எல்லாம் நலம் என்று பொருள். இப்போது கேபினெட்டோடு ஸ்பீக்கர் வருவது அரிது.

டிராம் விளக்கு எரிந்தால் ரேம். ரேமைச் செருகும் பள்ளத்தில் கொக்கி தானாக மூடிக்கொள்ளும் வரை அழுத்த வேண்டும். அதற்கு நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதல் பலம் வேண்டும். நான்கு பள்ளம் உள்ள பலகையில் இரண்டு ரேம் போடும்போது, பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணினால் 2, 4 ஆகிய பள்ளங்கள்தான் சரி. முதல் இரண்டிலும் அடுத்தடுத்துப் போடுவது இயல்பாகத் தோன்றும், ஆனால் அதைப் பலகை விரும்பாமல் போகலாம். சந்தேகம் இருந்தால் ஒன்றை மட்டும் இரண்டாவது பள்ளத்தில் போட்டுப் பாருங்கள். அப்புறம் அதை எடுத்துவிட்டு மற்றொன்றை.

ஆனால் ரேமைத் தொடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள்: காத்திருங்கள். டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம் கொண்ட கணினி முதன்முறை எழும்போது, பலகை ரேமோடு எந்த வேகத்தில், எந்த நேரக்கணக்கில் பேசுவது என்று முயன்று முயன்று கற்றுக்கொள்கிறது. இதற்கு ரேம் டிரெய்னிங் என்று பெயர். திரை கறுப்பாகவே இருக்கும், டிராம் விளக்கு எரியும், சில நேரம் கணினி தானே நின்று மறுபடி எழும். சில நிமிடங்கள் ஆகலாம். 2022-இல், இன்டெலைப் போலப் பிராசஸர் செய்யும் ஏஎம்டியின் ஏஎம்5 வகைப் பலகைகள் வந்த புதிதில், இது தெரியாமல் பலர் பாகம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினார்கள். பாதியில் பொத்தானை அமுக்கி அணைத்தால் பாடம் முதலிலிருந்து தொடங்கும். கால் மணி நேரம் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவதே நல்லது.

சிபியு விளக்கு எரிந்தால், ஒரு காரணம் பலருக்குத் தோன்றாதது. பிராசஸர் பலகையில் பொருந்துகிறது என்பதும், பயாஸுக்கு அந்தப் பிராசஸரைத் தெரியும் என்பதும் வேறுவேறு. பலகை தயாரான நாளுக்குப் பிறகு பிறந்த பிராசஸரைப் பழைய பயாஸ் அடையாளம் கண்டுகொள்ளாது. இன்டெலின் 12-ஆம் தலைமுறைக்காக வந்த 600 வரிசைப் பலகைகளில் 13-ஆம் தலைமுறைப் பிராசஸரும் உட்காரும், ஆனால் பயாஸைப் புதுப்பித்திருக்க வேண்டும். ஏஎம்டியின் முந்தைய வகையான ஏஎம்4 பலகைகளில் ரைசன் 5000 வரிசைக்கும் இதே கதை. எழவே எழாத கணினியில் பயாஸை எப்படிப் புதுப்பிப்பது என்று கேட்பீர்கள். பல பலகைகளில் அதற்கென்று பின்புறம் ஒரு பொத்தான் உண்டு; புதிய பயாஸ் கோப்பைப் பென் டிரைவில் போட்டுச் செருகி அதை அழுத்தினால், பிராசஸர் இல்லாமலேகூட வேலை நடந்துவிடும்.

மூன்றாவது கை: படம்

இங்கே பிழைகள் சில்லறைத்தனமானவை. கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டுவிட்டு, மானிட்டர் வயரை மதர்போர்டின் துளையில் செருகுவது முதலிடம் பிடிக்கும். கார்டு இருந்தால் வயர் கார்டில்தான் போக வேண்டும்.

கார்டே இல்லாமல் பூட்டியவர்கள் பிராசஸரின் பெயரைப் பாருங்கள். இன்டெலில் கடைசியில் "எஃப்" என்று முடிந்தால் உள்ளே படம் காட்டும் பகுதி கிடையாது. மதர்போர்டில் எச்டிஎம்ஐ துளை இருப்பதால் படம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அது வெறும் கதவு, உள்ளே ஆள் வேண்டும். மற்றபடி, கார்டுக்கான மின்வயர் செருகியிருக்கிறதா, மானிட்டர் சரியான உள்ளீட்டில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கடைசிக் கை: டிஸ்க்

திரையில் எழுத்து வந்துவிட்டது, ஆனால் "பூட் செய்ய டிவைஸ் இல்லை" என்கிறது. அல்லது நேராகப் பயாஸ் திரைக்குள் போய் நிற்கிறது. இதையும் "ஆன் ஆகவில்லை" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்! இது வெற்றி. நீங்கள் பூட்டிய ஏறக்குறைய எல்லாமே வேலை செய்கிறது. பூட் என்பது டிஸ்கில் இருக்கும் இயங்குதளத்தை எடுத்து ஓடவிடுவது. இன்றைய டிஸ்க்கான எஸ்எஸ்டி புதிதாக இருந்தால் வெறும் காகிதம். அதில் விண்டோஸோ லினக்ஸோ இனிமேல்தான் பென் டிரைவிலிருந்து நிறுவ வேண்டும்.

எஸ்எஸ்டியே பயாஸில் தெரியவில்லை என்றால், அதைக் கழற்றி மறுபடி செருகுங்கள். சில பலகைகளில், எஸ்எஸ்டியை நேராகச் செருகும் எம்.2 பள்ளம் ஒன்றைப் பயன்படுத்தினால், வயர் வழியாக டிஸ்கை இணைக்கும் குறிப்பிட்ட சாட்டா துளைகள் அணைந்துவிடும் என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதுவும் பிடிபடவில்லை என்றால்: வரிசையைச் சுருக்குங்கள்

வரிசையில் பத்துப் பேர் நின்றால் யாரிடம் தடை என்று கண்டுபிடிப்பது கடினம். நான்கு பேர் நின்றால் எளிது. எனவே கணினியை அத்தியாவசியத்துக்குக் குறையுங்கள். எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, கூலரோடு பிராசஸர், ஒரே ஒரு ரேம், இவை போதும். பிராசஸரில் படம் காட்டும் வசதி இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டையும் எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டி, முன்பக்க யுஎஸ்பி வயர், விளக்கு வயர் எல்லாம் வெளியே. ஒவ்வொரு முறையும் பின் ஸ்விட்சை அணைத்து, மின்வயரைப் பிடுங்கி, கேபினெட்டின் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கூடவே பயாஸ் அமைப்புகளையும் அழித்துவிடலாம். கையேட்டில் சிமாஸ் கிளியர் என்று காட்டும் இரண்டு ஊசிகளைச் சில நொடிகள் சேர்த்துத் தொட வேண்டும், அல்லது காசு போல இருக்கும் சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைக்க வேண்டும். ரேம் வேகத்தை ஏற்றிவிட்டுப் பிறகு எழாமல் போன கணினிகளுக்கு இது ஒன்றே பெரும்பாலும் போதும்.

சுருக்கியும் எழவில்லை என்றால் மதர்போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து அதே நான்கோடு முயலுங்கள். அங்கே எழுந்தால் குற்றவாளி கேபினெட்: அந்தத் திருகுக்கால், அந்தத் தொலைந்த திருகு. எழுந்த கணினியில் பாகங்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள், ஒரு முறைக்கு ஒன்றே ஒன்று. அவசரத்தில் மூன்றைச் சேர்த்துப் போட்டால் மறுபடி பழைய இருட்டுதான்.

அட்டைப்பெட்டி மேலும் எழவில்லையா? இப்போது கூலரைத் தூக்கிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்திருந்தால் கணினி எழுந்து சில நிமிடங்களில் சூட்டில் சாய்ந்துவிடும். அதைத் தனியாக அடையாளம் காணலாம். பிராசஸரை மெதுவாக எடுத்து, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து ஊசிகளைப் பாருங்கள். இன்டெலிலும் ஏஎம்5-இலும் ஊசிகள் பலகையின் பள்ளத்தில் இருக்கும், ஏஎம்4-இல் பிராசஸரின் அடியில். எல்லாம் ஒரே திசையில், ஒரே மாதிரி மின்ன வேண்டும். ஒரு புள்ளி மட்டும் மின்னாமல் இருந்தால் அந்த ஊசி வளைந்திருக்கிறது. எல்லாம் நேராக இருந்தால் மட்டுமே, வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை அதற்குரிய வயர்களோடு கடன் வாங்கிப் பொருத்திப் பாருங்கள். அதிலும் அசையவில்லை என்றால், ரேமையும் மாற்றிப் பார்த்துவிட்டு, மதர்போர்டையும் பிராசஸரையும் ரசீதோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.